முறைக் காய்ச்சல் பிடித்த இன்டர்நெட்

சுவாமிமலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிள்ளை குருவாகி உபதேசம் செய்ய, தகப்பனார் கைகட்டி வாய் புதைத்துச் சிஷ்யராக நின்று கேட்ட கதைதான். கும்பகோணத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில், தமிழ் வருஷங்களின் பெயர்களைத் தாங்கிய 60 படிகளுக்கு மேலே, அந்தச் சுவாமிநாதன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.

இந்தக் காலத்தில் அந்த உபதேசம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. பத்து வயதுப் பேத்தி தாத்தாவின் கையிலிருந்து செல்போனை வாங்கி, "அப்படி இல்லை தாத்தா, இப்படி!" என்கிறாள். தாத்தாவும் பயபக்தியோடு கேட்டுக் கொள்கிறார். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பேத்தி குருவும் விழிக்கிறாள்.

"ஏண்டி அம்மா, இந்த நெட் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது, மறுபடி போகிறதே, அது ஏன்?"

அடியோடு போய்விட்டால் கவலை இல்லை. கம்பெனிக்கு டெலிபோன் செய்தால் ஆள் வருவான், அறுந்த கம்பியை ஒட்டுவான், போவான். வந்து வந்து போகிறதே, அதுதான் பிராணனை வாங்குகிற வியாதி.

மெழுகு உருகுவதற்குள்...

விஷயம் விளங்குவதற்காகச் சுவாமிமலையிலேயே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். வாசல் பக்கம் பட்டறை. நடுவே முற்றம். பின்கட்டில் சமையலறை. வீட்டுப் பெரியவர் ஸ்தபதி. பரம்பரையாகப் பஞ்சலோக விக்கிரகங்கள் வார்க்கிறவர். மருமகள் பி.காம். படித்தவள். வெளியூர், வெளிநாட்டு ஆர்டர்களும் கணக்கு வழக்குகளும் அவள் பொறுப்பு.

சுவாமிமலை விக்கிரகங்களுக்கு உலகமெங்கும் கிராக்கி உண்டு. 2023-இல் டில்லியில் ஜி-20 மகாநாடு நடந்த பாரத மண்டபத்தின் முன்னால் 27 அடி உயரத்தில் நடராஜர் நின்றாரே, எட்டு உலோகம் கலந்து வார்த்த அந்த மூர்த்தி சுவாமிமலை ஸ்தபதிகளின் கைவண்ணந்தான்.

இந்த வார்ப்பு வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்தபதி முதலில் தென்னை ஓலையை மடித்து அளவு எடுக்கிறார். அந்த அளவுப்படி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவத்தைச் செய்கிறார். அதன் மேல் காவேரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைக்கிறார். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடுகிறது. அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். ஆறினதும் மண் அச்சை உடைத்தால் உள்ளே சுவாமி. அச்சு உடைந்தது உடைந்ததுதான். இரண்டாவது தடவைக்கு ஆகாது.

ஆகவே, "கிரீடம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கலாமே", "ஹஸ்தம் இப்படித் திரும்பியிருக்கலாமே" என்பதையெல்லாம் மெழுகிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலே கோயில் கட்டுகிறவர்கள் அதற்காகச் சுவாமிமலைக்கு விமானம் ஏறி வர முடியுமா? வீடியோவில்தான் பார்க்கிறார்கள். நம் மருமகள் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மெழுகு உருவத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறாள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், அவரவர் ஊரில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கியமான யோசனை ஒன்றைச் சொல்ல ஒருவர் வாயைத் திறக்கிறார்.

திறந்த வாய் திறந்தபடியே திரையில் நின்றுவிடுகிறது!

மூன்று நிமிஷம் கழித்து நெட் திரும்பி வரும்போது பாதிப் பேர் போய்விட்டார்கள். ஒரு தடவை என்றால் மன்னிப்பார்கள். மூன்று தடவை ஆனால், "இவர்களுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுகிறது. நாம் சொன்னபடி செய்வார்களோ, மாட்டார்களோ!" என்று வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் விக்கிரகம் இல்லாமல் இருக்கலாம். பிள்ளையின் பரீட்சையோ, பெண்ணின் உத்தியோக இன்டர்வியூவோ, அமெரிக்காவிலிருந்து பேரக் குழந்தையின் முதல் சொல்லோ இருக்கலாம். போகிற நேரத்தில் போனால் எல்லாம் ஒன்றுதான்.

டாக்டர் வந்தால் ஜுரம் இல்லை

நம் பாட்டிமார்கள் முறைக் காய்ச்சல் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், குறித்த நேரத்துக்குக் குளிரும் நடுக்கமுமாக வரும். வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்க்கும்போது உடம்பு ஜில்லென்று இருக்கும். நம்முடைய நெட்டுக்குப் பிடித்திருப்பதும் அதுவேதான். ரிப்பேர்க்காரர் வந்து நின்றால் நன்றாக ஓடும். அவர் தெருக்கோடி திரும்புவதற்குள் படுத்துவிடும்.

மலேரியா விஷயத்தில் அந்த முறையே நோயின் அடையாளமாக இருந்தது. ரத்த அணுக்களுக்குள் வளரும் கிருமிகள், இன்ன வகைக்கு 48 மணி, இன்ன வகைக்கு 72 மணி என்று கணக்காக அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன, அப்போதெல்லாம் ஜுரம். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பே, வரும் நேரத்தைக் கொண்டு நோயை அடையாளம் சொன்னார்கள் வைத்தியர்கள்.

நெட் விஷயத்திலும் அதேதான் வழி. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கோபம் வந்ததும் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். மறுநாள் லைன்மேனைத் திட்டுகிறோம். மூன்றாம் நாள் புது ரவுட்டர் வாங்குகிறோம். நாலாம் நாள் கம்பெனியை மாற்றுகிறோம். ஐந்தாம் நாள் நெட் போகிறது!

காலை 7 மணி மர்மம்

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் தேசத்தில் அபர்ஹோசன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 18 மாத காலம் ஊர் முழுவதற்கும் இன்டர்நெட் தினம் தினம் தகராறு செய்தது. கம்பிகள் நன்றாக இருக்கின்றனவா என்று சோதித்தார்கள்; நன்றாக இருந்தன. கேபிளையே மாற்றினார்கள், பிரயோஜனமில்லை.

கடைசியில் என்ஜினீயர்கள், மின்சாரச் சலசலப்பைக் காட்டும் கருவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் விடியற்காலை 6 மணிக்கே ஊரைச் சுற்ற ஆரம்பித்தார்கள். சரியாக 7 மணிக்குக் கருவி துள்ளியது. சத்தம் வந்த திக்கைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு வீட்டில் பழைய டெலிவிஷன் பெட்டி! வீட்டுக்காரர் தினமும் 7 மணிக்கு அதைப் போடுவார். அது கிளப்பிய மின் அலை, செம்புக் கம்பியில் வந்த ஊராரின் இன்டர்நெட்டையெல்லாம் கலக்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் வெட்கப்பட்டுப் பெட்டியை அணைத்துவிட்டார். அன்றோடு ஊருக்கு விமோசனம். 2020-ஆம் வருஷம் செப்டம்பரில் இந்தச் செய்தி உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

புதுக் கேபிளால் ஆகாத காரியத்தைக் காலை 7 மணி என்கிற ஒரு குறிப்பு சாதித்தது. ஆகவே முதல் காரியம், பால் கணக்கு நோட்டுப் போல ஒரு நோட்டுப் போடுங்கள். நாலே நாலு கலம் போதும். போன நேரம் என்ன? யாருக்குப் போனது, எல்லாருக்குமா, ஒருவருக்கா? ரவுட்டரில் விளக்குகள் எப்படி இருந்தன? அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?

நம் சுவாமிமலை மருமகள் மூன்று நாள் எழுதினாள் என்று வைத்துக் கொள்வோம். நோட்டு இப்படி இருக்கிறது:

காலை 11.10. எல்லாருக்கும் போனது. ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிந்தன. பட்டறையில் மெருகு போடும் மோட்டாரைப் போட்டார்கள்.

மாலை 4.30. லாப்டாப்பில் மட்டும் போனது. மாமாவின் செல்போனில் வருகிறது. ரவுட்டர் விளக்குகள் சரியாக இருந்தன. லாப்டாப் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

மறுநாள் காலை 11.25. எல்லாருக்கும். விளக்குகள் அணைந்து எரிந்தன. மோட்டார்.

பார்த்தீர்களா? ஒரு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வியாதிகள் ஒரே சேலையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கின்றன! இதனால்தான் முன்னே எதைச் செய்தாலும் பாதி குணமாகி, பாதி அப்படியே இருந்தது.

குற்றவாளி வீட்டுக்குள்ளா, வெளியிலா?

நோட்டுக்கு அடுத்தது ஒரு சின்னப் பரீட்சை. இதற்குக் காலணா செலவு இல்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில், தேடும் இடத்தில் 'சிஎம்டி' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களை அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் 'பிங்' என்ற சொல், ஓர் இடைவெளி, ரவுட்டரின் எண், மறுபடி ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, கோட்டை ஒட்டி 'டி' என்ற எழுத்து. இவ்வளவும் இங்கிலீஷில் அடித்து என்டர் பொத்தானைத் தட்டுங்கள். ரவுட்டரின் எண் பெரும்பாலும் அதன் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1.

கம்ப்யூட்டர் ரவுட்டரைப் பார்த்து, "இருக்கிறாயா?" என்று விநாடிக்கு ஒரு தரம் குரல் கொடுக்கும். ரவுட்டர், "இருக்கிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லும். இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து இதேபோல் 8.8.8.8 என்ற எண்ணுக்கும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். அது கூகிள் கம்பெனி உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ஒரு விலாசம், வெளியுலகத்துக்கு அடையாளம்.

இரண்டு ஜன்னல்களையும் அப்படியே ஓடவிட்டு உங்கள் காரியத்தைப் பாருங்கள். நெட் போகும்போது எட்டிப் பாருங்கள். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, வெளியுலகம் மட்டும் மௌனமானால், கோளாறு பெரும்பாலும் வெளி லைனிலோ, அது வந்து சேரும் பெட்டியிலோ இருக்கிறது. ரவுட்டரே பதில் சொல்லாமல் போனால் கோளாறு வீட்டுக்குள். லைன்மேனைத் திட்டிப் பயனில்லை.

வீட்டுக்குள் என்று தெரிந்தால் இன்னொரு கேள்வி. வை-ஃபையை விட்டு, லாப்டாப்பை ரவுட்டரோடு ஒரு கேபிளால் நேரே இணைத்துப் பாருங்கள். அப்போது நிற்காமல் வந்தால் குற்றம் காற்று வழியில். அப்போதும் போனால் ரவுட்டரிலோ, கேபிளிலோ, கம்ப்யூட்டரிலோ. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் திருடன் ஒரு மூலைக்கு வந்துதானே ஆகவேண்டும்?

எல்லாருக்கும் போனால்...

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் போகிறது, ரவுட்டர் விளக்குகளும் அணைந்து எரிகின்றன என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கறுப்பு அடாப்டர் இருக்கிறதே, அது வருஷக் கணக்கில் இரவு பகலாகச் சூட்டில் கிடக்கிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் என்கிற பாகம் நாளடைவில் வறண்டுபோகிறது. சும்மா இருக்கும்போது தாக்குப் பிடிக்கும். ரவுட்டருக்கு வேலை அதிகமானாலும், வீட்டு வோல்டேஜ் கொஞ்சம் தணிந்தாலும் கைவிட்டுவிடும். ரவுட்டர் ஒரு விநாடி கண் அசந்து, மறுபடி எழுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.

நம் கற்பனை வீட்டில் நடந்தது இதுதான். மெருகு மோட்டார் கிளம்பும் விநாடியில் வோல்டேஜ் விழுகிறது. கிழட்டு அடாப்டர் அதைத் தாங்கவில்லை. பழைய அடாப்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், அதே வோல்ட், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியர், அதே மாதிரி முனை உள்ளதாக வாங்கிப் போட்டார்கள். ரவுட்டரை மோட்டார் இல்லாத வேறு பிளக்குக்கும் மாற்றினார்கள். புது ரவுட்டர் வேண்டியிருக்கவில்லை.

மற்ற சந்தேகப் புள்ளிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கேபிள் முனையில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சின்ன நாக்கு முறிந்திருந்தால், மேஜையை யாராவது இடித்தாலே தொடர்பு விடும். ஃபைபர் கேபிளின் உள்ளே இருப்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் ஓடுகிறது. அதை ஆணியில் மடக்கிச் சுற்றினாலும், கதவிடுக்கில் நசுக்கினாலும் வெளிச்சம் கசிந்துவிடும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு வந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அது கம்பெனிக்காரர் வேலை. எலியும் அணிலும் கேபிளைக் கடிப்பதும், எறும்பு ஸ்விட்ச் பெட்டிக்குள் குடித்தனம் செய்வதும் நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். பட்டறை உள்ள வீட்டில் உலோகத் தூள் ஒரு தனி சத்துரு. அது மின்சாரத்தைக் கடத்தும். ரவுட்டருக்குள் படிந்தால் வம்பு. ஆகவே பட்டறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும்.

இன்னொன்று. ரவுட்டர் பார்க்க நன்றாக இல்லை என்று அதற்கு அழகான பின்னல் துணி போர்த்தி வைக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். கைவேலையை மெச்சுகிறோம். ஆனால் சித்திரை வெயிலில் அதற்கும் புழுங்கும் அல்லவா? சூடு மிஞ்சினால் அது வேலையைக் குறைக்கும், இல்லாவிட்டால் நிறுத்தியே விடும். போர்வையை எடுத்து, அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, காற்றாட உயரமான இடத்தில் வையுங்கள்.

சமையலறைக் குற்றவாளி

வை-ஃபையில் மட்டும், அதுவும் சமையல் நேரத்தில் போகிறதென்றால், உங்கள் மைக்ரோவேவ் அடுப்பைக் கொஞ்சம் விசாரியுங்கள். அது வேலை செய்வது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில். வை-ஃபை பாதைகளில் பழைய பாதை 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே தெருவில் போகின்றன. அடுப்புப் பெரிய லாரி!

இந்த லாரி ஒருமுறை வானசாஸ்திரிகளையே ஏமாற்றியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகலமுள்ள ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. அதில் எப்போதாவது, விளங்காத ஒரு சமிக்ஞை விழும், வரும், போய்விடும். பல வருஷம் அது பெரிய புதிராக இருந்தது. 2015-இல் எமிலி பெட்ராஃப் என்ற இளம் ஆராய்ச்சி மாணவியும் அவருடைய சகாக்களும் அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். சமிக்ஞைகள் விழுந்த நேரத்தைப் பார்த்தால் எல்லாம் மனிதர்கள் ஆபீசில் இருக்கும் நேரமாகவே இருந்தன. கடைசியில் அங்கேயிருந்த மைக்ரோவேவ் அடுப்பில் வந்து நின்றது விசாரணை. சாப்பாடு சுடும்வரை பொறுக்காமல், ஓடும்போதே யாராவது கதவைத் திறந்தால் அந்த விநாடி ஓர் அலை தப்பி வெளியே போகிறது! பசி பொறுக்காதவர்கள் செய்த வேலை, நட்சத்திர மண்டலத்துச் செய்தியாக வேஷம் போட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக்குப் பரிகாரம் சுலபம். இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் பாதையையும் தருகின்றன, அதற்கு மாறுங்கள். ஆனால் அது சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துப்போகும். சுவாமிமலை மாதிரி ஊர்களில் பழைய வீடுகளின் சுவர் கனம் சொல்லவேண்டியதில்லை. கடைசிக்கட்டு வரை எட்டவேண்டுமானால் ரவுட்டரை நடுக்கட்டுக்குக் கொண்டு வரவேண்டும்.

ஒருவருக்கு மட்டும் போனால்...

மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது, லாப்டாப்புக்கு மட்டும் போகிறது என்றால், அதன் மூளையாகிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் சந்தேகம், சிக்கனம். பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, சும்மா இருக்கும் பாகங்களைக் கம்ப்யூட்டர் தூங்க வைக்கிறது. வை-ஃபை பாகமும் தூங்கிவிடும். சில சமயம் கூப்பிட்டால் சரியாக எழுந்திருக்காது. டிவைஸ் மேனேஜருக்குள் போய், நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற வரிசையில் வை-ஃபை பாகத்தைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தைப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தப் பாகத்தை அணைக்கலாம் என்ற வாசகத்துக்கு எதிரே ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். நம் மருமகளின் மாலை 4.30 வியாதிக்கு மருந்து இதுதான். சில புது லாப்டாப்புகளில் இந்தப் பக்கம் இருக்காது. அப்போது அடுத்த சந்தேகத்துக்கு வரவேண்டும்.

அடுத்தது டிரைவர். கார் ஓட்டுகிற டிரைவர் இல்லை. வை-ஃபை பாகத்துக்கும் விண்டோசுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற சின்னப் புரோகிராமுக்கு அந்தப் பெயர். நேற்று வரை ஒழுங்காக ஓடி, புது அப்டேட் வந்த நாளிலிருந்து தகராறு என்றால், மொழிபெயர்ப்பாளர் மாறியிருக்கலாம். அதே இடத்தில் டிரைவர் என்ற பக்கத்தில் 'ரோல் பேக்' என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் பழையவரைத் திரும்ப அழைக்கலாம். இல்லாவிட்டால் லாப்டாப் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து புதியவரை வரவழைக்கலாம்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தொந்தரவு. யு.எஸ்.பி. 3.0 வகைக் கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் கம்பெனியே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. படங்கள் சேர்த்து வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்கைச் சொருகும்போதெல்லாம் வை-ஃபை தள்ளாடினால், அதைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

நாலாவது மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பாகச் சாப்பிடுகிறார்கள். "அணைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை" என்பார்கள். விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் 'ஷட் டவுன்' என்று அணைத்தால், மறுநாள் சீக்கிரம் எழவேண்டும் என்பதற்காக அது தன் உள் நினைவில் ஒரு பகுதியை அப்படியே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு தூங்குகிறது. கோளாறும் அதோடு பத்திரமாகிவிடும்! 'ரீஸ்டார்ட்' என்றால்தான் ஸ்நானம் செய்த மாதிரி முழுக்கத் துடைத்துக்கொண்டு எழும். 2016 டிசம்பரில் ஐரோப்பாவில் பல வீடுகளில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு நெட் கிடைக்காமல் போனபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனையும் இதுவே: ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் ஒன்றும் சாமானிய விஷயமில்லை. 2004 செப்டம்பர் 14-ஆம் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதி விமானங்களை வழிநடத்தும் நிலையத்துக்கும் ஆகாயத்திலிருந்த விமானங்களுக்கும் பேச்சுத் தொடர்பு சுமார் 3 மணி நேரம் அறுந்துபோயிற்று. மாற்று ஏற்பாடும் கை கொடுக்கவில்லை. காரணம், அங்கிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் ஓடிய ஒரு கணக்கு. விநாடியை ஆயிரமாக்கி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்த அந்தக் கணக்குக்கு 49.7 நாளில் இடம் தீர்ந்துவிடும். ஆகையால் 30 நாளைக்கு ஒருதரம் ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு தடவை அது விட்டுப்போயிற்று. சில விமானங்கள் ஒன்றுக்கொன்று அபாயமான தூரத்துக்கு நெருங்கிவிட்டன, தெய்வாதீனமாக மோதிக்கொள்ளவில்லை.

குணமாயிற்று என்று எப்போது சொல்வது?

இத்தனை மருந்து சொன்னோமே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்டிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று. அடாப்டரையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால், எது பலித்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மருந்து கொடுத்த மறுநிமிஷமே, "ஆஹா, வந்துவிட்டது!" என்று சந்தோஷப்படவும் வேண்டாம். வந்து போகிற வியாதிதானே இது, சும்மா இருந்தாலும் வரத்தான் செய்யும். தினம் மூன்று தடவை போய்க்கொண்டிருந்தது மூன்று நாளாக ஒரு தடவையும் போகவில்லை என்றால் நம்பலாம். வாரத்துக்கு ஒரு தடவை போனதென்றால் ஒரு மாதமாவது பொறுத்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் நோட்டைப் பரணில் போடாதீர்கள்.

லைன் கோளாறு என்றே முடிவானால் அப்போதும் நோட்டு உதவும். "நெட் சரியில்லை" என்று டெலிபோனில் சொன்னால், "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் மேடம்" என்பதே பதிலாக வரும். "செவ்வாய் காலை 9.40, புதன் 9.35, இரண்டு தடவையும் ரவுட்டர் பதில் சொல்லிற்று, வெளியே பதில் இல்லை, சிவப்பு விளக்கு எரிந்தது" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறும். வருகிற ரிப்பேர்க்காரருக்கும் அது உபகாரம். இல்லாத ஜுரத்தைத் தேடி அவர் மொட்டை மாடியெல்லாம் ஏறி இறங்க வேண்டியதில்லை.

இந்த நோட்டை எழுத வீட்டில் யார் லாயக்கு என்று கேட்டால், ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எத்தனை மணிக்குக் குக்கர் வைத்தது, எப்போது மோட்டார் போட்டது, எந்த நேரத்தில் கரண்ட் மினுக்கிற்று என்பதெல்லாம் யாருக்கு மனப்பாடமாக இருக்கிறதோ, அவர்களேதான். எத்தனையோ வருஷமாக அந்தக் கணக்கை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இனி ஒரு பென்சிலைக் கட்டி, ரவுட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நோட்டையும் மாட்டி வையுங்கள்.